பாரிஸ் பாலத்தில் காதல் பூட்டு: இப்போது மாட்டலாமா? பாலத்துக்கு உண்மையில் என்ன ஆகிறது?

பயணமேசை கேட்டது:

வணக்கம். ஐரோப்பாவுக்குக் குழுவாக ஆட்களை அனுப்பும் அலுவலகத்தில் பயணத்திட்டம் போடுவது என் வேலை. பாரிஸ் என்றதும் புதுமணத் தம்பதிகள் முதலில் கேட்பது, "அந்தப் பூட்டுப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்பதுதான். இருவர் பெயரையும் எழுதிய பூட்டைப் பாலத்து வேலியில் மாட்டிவிட்டு, சாவியை ஆற்றில் வீசும் வழக்கம்தான் அது. ஒரு ஜோடி பெயர் பொறித்த திண்டுக்கல் பூட்டையே கையோடு கொண்டுபோகத் தயாராக இருக்கிறது.

பாரிஸில் இன்னும் பூட்டு மாட்ட விடுகிறார்களா? இல்லையென்றால் ஏன்? உள்ளங்கையில் அடங்கும் பூட்டு அவ்வளவு பெரிய இரும்புப் பாலத்தை என்ன செய்துவிடும், இது நகராட்சி கிளப்பும் பீதியா? ஜெர்மனியில் கொலோன் பாலத்தில் மட்டும் விட்டுவைத்திருக்கிறார்களே, அது எப்படி? வாடிக்கையாளர் எதிர்க்கேள்வி கேட்டால் நிற்கிற மாதிரி பதில் வேண்டும். "தடை இருக்குங்க" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

---

சீன்கரை பதில்:

பாரிஸில் முடியாது. நீங்கள் சொல்கிற பாலம் போன் தே ஸார். சீன் ஆற்றின் ஒரு கரையில் லூவ்ர் அருங்காட்சியகம், மறுகரையில் பிரெஞ்சு அகாதமி இருக்கும் கட்டடம், நடுவே மரப்பலகைத் தளம் போட்ட நடைபாலம். 1804இல் திறந்தது, பாரிஸின் முதல் இரும்புப் பாலம். படகுகள் இடித்து இடித்துப் பழுதாகி, 1979இல் ஒரு பகுதி சரிந்தே போனது. இப்போது நிற்பது 1981 முதல் 1984 வரை புதிதாகக் கட்டியது. பழையதில் 9 வளைவுகள், புதியதில் 7. ஆகவே "இருநூறு வருசப் பாலத்தில் பூட்டு மாட்டினோம்" என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

பூட்டுகள் வரத் தொடங்கியது 2008 வாக்கில். 2010இலேயே நகராட்சி கவலை தெரிவித்தது, ஆனால் கையை வைக்கவில்லை. காதலர் நகரம் என்ற பெயரை வைத்துப் பிழைக்கிற ஊர், காதலர் பூட்டை வெட்டுகிற படம் பத்திரிகையில் வந்தால் எப்படி இருக்கும் என்ற தயக்கம்தான், வேறென்ன. 2014 ஜூன் 8ஆம் தேதி கைப்பிடி வேலியில் 2.4 மீட்டர் நீளத் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. பாலத்தில் இருந்தவர்களை உடனே வெளியேற்றினார்கள். பழுதான இடங்களில் மரப்பலகை அடித்து ஒப்பேற்றி, 2015 ஜூன் 1ஆம் தேதி பூட்டுகளை மொத்தமாக அகற்றத் தொடங்கினார்கள். நகராட்சி சொன்ன கணக்கு: சுமார் 10 லட்சம் பூட்டு, 45 டன். நோத்ர தாம் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற லார்ஷவெஷே பாலத்தையும் அப்போதே சுத்தம் செய்தார்கள்.

இப்போது போன் தே ஸாரில் கம்பி வலையே கிடையாது, கண்ணாடிப் பலகங்கள்தான். வளையத்தை நுழைக்க இடமில்லை. அகற்றிய பூட்டுகளில் ஒரு பங்கை 2017 மே மாதம் ஏலம் விட்டு, வந்த சுமார் 2,50,000 யூரோவை அகதிகளுக்கு உதவும் அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள்.

உங்கள் ஆட்களிடம் இதையும் சொல்லி வையுங்கள்: பாலத்தடியிலும் சுற்றுலா இடங்களிலும் பூட்டு விற்கிறவர்கள் இன்னும் நிற்பார்கள். அவன் விற்கிறான் என்பதால் மாட்டலாம் என்று ஆகிவிடாது. விற்கிற இடத்தில் கூட்டம், கூட்டத்தில் ஜேப்படி. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு இருவரும் பூட்டோடு படம் எடுக்கும் அந்த அரை நிமிடம் போதும்.

---

சுமைக்கணக்கு பதில்:

"பெரிய பாலத்தைச் சின்னப் பூட்டு என்ன செய்யும்" என்ற கேள்விக்கு வருகிறேன். பாலம் வேறு, கைப்பிடி வேலி வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் ஒரு பக்கம் பீதி, ஒரு பக்கம் கிண்டல்.

பாலம் 155 மீட்டர். இருபுறமும் சேர்த்து 310 மீட்டர் வேலி. 45 டன்னைப் பரப்பினால் வேலியில் மீட்டருக்கு ஏறக்குறைய 145 கிலோ. இரு பக்கமும் சேர்த்து, பாலத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 290 கிலோ. தளம் சுமார் 10 மீட்டர் அகலம் என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு 29 கிலோ வருகிறது. நடைபாலம் வடிவமைக்கும்போது ஆள் நெருக்கத்துக்காக எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 500 கிலோ அளவில் இருக்கும். ஆக, வளைவுக்கும் தூணுக்கும் இந்த 45 டன் பெரிய விஷயமில்லை. பாலமே ஆற்றில் விழுந்துவிடும் என்று எழுதியதெல்லாம் மிகை.

வேலிக்கு வாருங்கள். 2.4 மீட்டர் பலகம் ஒன்றுக்குச் சராசரி 350 கிலோ. இது சராசரிதான். எல்லாரும் படம் எடுக்க நிற்பது பாலத்தின் நடுவில், ஆற்றுக்கு நடுவே உள்ள சித்தே தீவு தெரிகிற பக்கம். அங்கே இன்னும் கூடும், கரையோரம் குறையும். அந்தக் கம்பிவலைப் பலகத்தை எதற்காகச் செய்தார்கள்? ஆள் சாய்ந்தால், கூட்டம் நெருக்கித் தள்ளினால் தாங்க. அது பக்கவாட்டு விசை. மேல் கைப்பிடியில் மீட்டருக்கு 100 கிலோ அளவில் வைத்துக் கணக்கிடுவார்கள். கீழ்நோக்கி அது சுமக்க வேண்டியது தன் சொந்த எடையை மட்டும், சில பத்து கிலோ. அதன்மேல் 350 கிலோவைத் தொங்கவிட்டால் வலைக்கம்பி தொய்கிறது. தொய்ந்த கம்பி சட்டத்தின் இரு பக்கத்தையும் உள்நோக்கி இழுக்கிறது. சட்டம் கோணினால் மூலை வெல்டிங்கும், தூணோடு பிணைக்கும் போல்டும் விட்டுக்கொடுக்கும். பூட்டின் வளையத்தில் இன்னொரு பூட்டு, அதில் இன்னொன்று என்று கொத்துக் கொத்தாகத் தொங்குவதால் எடை வேலிக்கு நேராக இல்லாமல் ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அது பலகத்தை முறுக்கவும் செய்யும்.

பலரும் மறப்பது காற்றை. வெறும் வலையில் காற்று ஊடுருவிப் போய்விடும். பூட்டு அடைத்த வலை கப்பல் பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும். பலத்த காற்றில் சதுர மீட்டருக்கு 60 கிலோ என்று கொண்டாலும், 2.4 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் உள்ள பலகத்தில் 140 கிலோவுக்கு மேல் பக்கவாட்டில் தள்ளும், ஏற்கெனவே தளர்ந்த போல்டை.

கீழே போகிறவை திறந்த மேல்தளம் உள்ள சுற்றுலாப் படகுகள். 350 கிலோ பலகம் அதன்மேல் விழுந்தால் என்ன ஆகும்? நகராட்சி பயந்தது அதற்குத்தான், அந்தப் பயத்தில் தப்பே இல்லை.

போகிற போக்கில் ஒன்று. 45 டன்னை 10 லட்சத்தால் வகுத்தால் பூட்டுக்கு 45 கிராம். 20, 25 மி.மீ. பெட்டிப் பூட்டு அந்த எடை இருக்கும், 40 மி.மீ. பித்தளைப் பூட்டு 150 முதல் 200 கிராம் வரும். படங்களில் தெரிகிறவை பெரும்பாலும் பெரியவைதான். எடையைத் தராசில் வைக்கலாம், எண்ணிக்கையை யாரும் உட்கார்ந்து எண்ணியிருக்க மாட்டார்கள். அதனால் எடையை நம்புங்கள், 10 லட்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள்.

---

ஊர்சுற்றி77 பதில்:

எல்லாம் சரி சார். கொலோன்ல அத்தனை வருசமா தொங்குது, ஒண்ணும் இடியலையே? மனசு இருந்தா வேலியை இன்னும் கெட்டியா போட்டிருக்கலாம். கண்ணாடி போட்டது அழகுக்காகத்தான்.

---

ரைன்பக்கம் பதில்:

@ஊர்சுற்றி77, கொலோனில் ரைன் ஆற்றின் மேல் நிற்பது ரயில் பாலம். 1911இல் கட்டி முடித்த ஹோகென்சொல்லர்ன் பாலம், 1945இல் ஜெர்மன் படையே தகர்த்துவிட்டுப் போக, போருக்குப் பிறகு மறுபடி கட்டியது. ஒரு மின்சார ரயில் எஞ்சினே 80 டன்னைத் தாண்டும். அப்படிப்பட்ட ரயில்கள் நாளெல்லாம் ஓடுகிற பாலத்துக்குச் சில பத்து டன் பூட்டு கணக்கிலேயே வராது.

இன்னொன்று, பூட்டு தொங்குகிற இடம். பாரிஸில் ஆற்றுப் பக்கக் கைப்பிடியில் தொங்கின. கொலோனில் நடைபாதைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் நிற்கிற வேலியில் தொங்குகின்றன. அது யாரும் சாய்ந்து நிற்கும் கைப்பிடி அல்ல, ஆள் தண்டவாளத்துக்குள் போகாமல் தடுக்கப் போட்ட உயரமான வேலி. அது சரிந்தாலும் படகின் தலையில் விழாது. 2008 வாக்கில் பூட்டுகள் வந்தபோது ஜெர்மன் ரயில்வேயும் அகற்றப்போவதாகத்தான் சொன்னது. ஊரில் எதிர்ப்பு வந்ததும் விட்டுவிட்டது. ஆகவே "ஜெர்மன்காரன் அனுமதித்தான், பிரெஞ்சுக்காரன் அனுமதிக்கவில்லை" என்பதல்ல விஷயம்.

பாரிஸில் வேலியைக் கெட்டியாக்கியிருக்கலாமே என்றால், ஆக்கலாம். ஆனால் சீன் கரை 1991 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அந்தப் பாலத்தின் அழகே மெல்லிய வளைவும் ஊடே தெரிகிற ஆறும்தான். பூட்டு தாங்க வேண்டும் என்பதற்காகத் தடித்த தூணும் சட்டமும் போட்டால் அது ரயில்வே வேலி மாதிரி நிற்கும். தாங்குகிற அளவைக் கூட்டினால் மாட்டுகிற அளவும் கூடும் என்பது தனிச் சிக்கல்.

கொலோனில் மாட்டப் போகிறவர்கள் கவனிக்க: வலைக்கம்பி தெரியாத அளவுக்கு ஏற்கெனவே பூட்டு. காலி இடம் கிடைக்காமல் பிறர் பூட்டின் வளையத்தில்தான் கோத்துவிட்டு வருகிறார்கள். அதற்கு வளையம் 5, 6 மி.மீ. தடிமனுக்குள், உயரம் சற்று நீண்டதாக இருக்க வேண்டும். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டின் தடித்த வளையம் எங்கேயும் நுழையாது. அதை வீட்டு அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள், புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, ரைன் மழையில் துருப்பிடிக்க வேண்டாம். சாவியை ஆற்றில் வீசுவதும் வேண்டாம், கீழே படகுப் போக்குவரத்து உண்டு.

---

துருக்காரன் பதில்:

எடையைப் பற்றி மேலே விளக்கமாக வந்துவிட்டது. எடையே இல்லாவிட்டாலும் வேலியைக் கெடுப்பது துரு.

ஜி.ஐ. கம்பி என்றால் இரும்பின்மேல் துத்தநாகப் பூச்சு. அதில் பித்தளைப் பூட்டு உரசி, இடையில் மழைத்தண்ணீர் நின்றால் மின்கலம் மாதிரி வேலை செய்து துத்தநாகம் முதலில் கரையும். பூச்சு போன இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். பெயின்ட் அடித்த கம்பியாக இருந்தால், காற்றில் ஆடுகிற வளையம் அரம் போலத் தேய்த்தே பெயின்டைச் சுரண்டிவிடும். கொத்தாகத் தொங்குகிற பூட்டுகளுக்கு நடுவே ஈரம் காயாது. மறுபெயின்ட் அடிக்கவும் தூரிகை போகாது. பராமரிப்புக்காரர் வெல்டிங்கைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க முடியாததுதான் இதில் மோசம். வெடிப்பு விழுந்திருந்தாலும் பூட்டு மூடிவிடும்.

மலிவுப் பூட்டுகளில் பாதி பித்தளையே இல்லை, இரும்புமேல் பித்தளை முலாம். ஒரு குளிர்காலத்திலேயே துரு ஒழுகி, கீழே கல் இருந்தால் பழுப்புக் கறை இறங்கும். கல்லில் ஊறிய துருக்கறையை எடுப்பது பூட்டை எடுப்பதைவிடக் கஷ்டம்.

கம்பிக்குப் பதில் இழுத்துக் கட்டிய ஸ்டீல் கேபிள் உள்ள நடைபாலங்களில் வேறு கதை. கேபிள் நடுவில் தொய்ந்து இடைவெளி விரியும். குழந்தையின் தலை நுழையாதபடி அந்த இடைவெளியை 100 மி.மீ. அளவுக்குள் வைப்பார்கள், தொய்ந்தால் அந்தப் பாதுகாப்பே போச்சு. மெல்போர்னில் சவுத்கேட் நடைபாலத்தில் கேபிள்கள் தொய்ந்ததால்தான் 2015இல் சுமார் 20,000 பூட்டை எடுத்தார்கள். ரோமில் மில்வியோ பாலம் பழைய கல் பாலம்; அங்கே விட்டுக்கொடுத்தது விளக்குக் கம்பம். 2007இல் பூட்டுப் பாரத்தில் சாய்ந்தது.

வெட்டி எடுப்பது சுலபமில்லையா என்று அடுத்து கேட்பார்கள். 6 மி.மீ. சாதா வளையத்துக்கு 600 மி.மீ. போல்ட் கட்டர் போதும். 8 மி.மீ.க்கு மேல், அதுவும் கடினமாக்கிய எஃகு என்றால் 900 மி.மீ. கட்டர், அல்லது ஹைட்ராலிக் கட்டர், அல்லது 1 மி.மீ. டிஸ்க் போட்ட கட்டிங் மெஷின். மெஷின் போட்டால் பொறி பறக்கும். மரத்தளத்தை நனைத்து வைக்க வேண்டும், கீழே படகை நிறுத்த வேண்டும், வெட்டிய துண்டு ஆற்றில் விழாமல் பலகை கட்ட வேண்டும். பூட்டுக்கு 100 கிராம், வெட்ட 15 விநாடி என்றே வையுங்கள். 350 கிலோ பலகத்தில் 3,500 பூட்டு, ஒரு ஆளுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை. அதனால்தான் பாரிஸில் பலகத்தை அப்படியே கழற்றிக் கிரேனில் தூக்கி லாரியில் ஏற்றினார்கள்.

பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் காசு வருமே என்றால், உடல் பித்தளை, வளையம் எஃகு, உள்ளே ஸ்பிரிங். முதலில் நொறுக்கி, பிறகு காந்தத்தில் பிரிக்க வேண்டும். லாரிக் கூலிக்குத் தேறினால் பெரிது.

---

பயணமேசை:

நன்றி, இதைத்தான் தேடினேன். பாரிஸில் கண்ணாடி போட்ட பிறகு பிரச்சினை தீர்ந்ததா? வேறு ஊர்களில் அபராதம் எவ்வளவு?

---

சீன்கரை:

தீரவில்லை, இடம் மாறியது. போன் தே ஸாரில் வலை போனதும் கூட்டம் பக்கத்துப் போன் நெஃப் பாலத்தை ஒட்டிய கம்பிகளுக்குப் போனது. அந்தப் பாலம்தான் ஊரிலேயே பழையது, 1607இல் முடித்தது, தன் பெயரில் மட்டும் புதுப்பாலம். மொன்மார்த்ர் குன்றின் மேல் கோயில் முன்னால் உள்ள வேலியிலும் தொங்குகின்றன. கண்ணாடிக்கும் தன் தொல்லை உண்டு: ஸ்டிக்கர், கிறுக்கல், கீறல். ஆனால் அதெல்லாம் துடைக்கிற வேலை, விழுகிற ஆபத்து இல்லை.

---

மேகலை_வழித்துணை பதில்:

அபராதம் கேட்டீர்கள். நியூயார்க் புரூக்ளின் பாலத்தில் 100 டாலர். ரோம் மில்வியோ பாலத்தில் 50 யூரோ என்று அறிவித்தார்கள், 2012இல் பூட்டுகளையும் எடுத்துவிட்டார்கள். வெனிஸிலும் அபராதம் உண்டு. தாராளமாக மாட்டக்கூடிய இடம் வேண்டுமென்றால் சோல் நகரில் நாம்சன் கோபுர அடிவாரம். அதற்கென்றே வேலியும் இரும்பு மரங்களும் வைத்திருக்கிறார்கள். மாஸ்கோவில் லுஷ்கோவ் பாலத்தில் இரும்பு மரம். இந்த முறையில் புத்தி இருக்கிறது: எடை கைப்பிடியில் ஏறாமல் மரத்தின் தண்டு வழியாக நேரே கீழே இறங்கும், ஒரு மரம் நிறைந்தால் நகர்த்திவிட்டு வேறு மரம் வைக்கலாம்.

ஆனால் குழு அனுப்புகிறவர் என்ற முறையில் உங்களுக்குப் பூட்டைவிடப் பெரிய தலைவலி இருக்கிறது. பூட்டு என்பது ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்ய வருகிற கூட்டத்தின் தடயம். பூட்டை எடுக்கலாம், கூட்டத்தை என்ன செய்ய என்று இப்போது ஊர் ஊராக விதி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த விதிகள் நேரே உங்கள் பயணத்திட்டத்தில் இடிக்கும்.

வெனிஸைப் பாருங்கள். பழைய நகரில் குடியிருப்பவர்கள் 2022இல் 50,000க்குக் கீழே போய்விட்டார்கள். 2024 முதல் வழிகாட்டியோடு போகும் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, குறுகிய சந்திலும் பாலத்திலும் குழுவை நிறுத்தி விளக்கம் சொல்லக் கூடாது. நம் ஊர்க் குழு பெரும்பாலும் 40, 45 பேர், ஒரு பேருந்து. அப்படியென்றால் இரண்டு உள்ளூர் வழிகாட்டி, காதில் மாட்டும் கருவி, இரண்டு குழுவுக்கும் அரை மணி இடைவெளி. விலையில் இதைச் சேர்க்காமல் போட்டால் அங்கே போய்த்தான் கை கடிக்கும்.

அதே 2024 ஏப்ரல் 25இல் பகல் வருகையாளர் கட்டணம் தொடங்கியது: 5 யூரோ, காலை 8.30 முதல் மாலை 4 வரை, அந்த ஆண்டில் 29 நாள். 2025இல் 54 நாளாக்கி, கடைசி நேரத்தில் பதிகிறவருக்கு 10 யூரோ ஆக்கினார்கள். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். டிக்கெட் போடும் முன் நகராட்சித் தளத்தில் பார்த்துவிடுங்கள். தீவில் இரவு தங்குகிறவருக்குக் கட்டணம் இல்லை, ஆனால் விலக்குக்கும் பதிவு செய்து கியூஆர் கோடு எடுக்க வேண்டும். இதைத்தான் குழுக்கள் கோட்டை விடுகின்றன. தங்குகிறோமே, எதற்குப் பதிவு என்று போய்ச் சோதனையில் நிற்பார்கள். தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் தங்கினால் அதுவும் வெனிஸ் நகராட்சிக்குள்தான், அங்கேயும் விலக்குக்குப் பதிய வேண்டும். நகராட்சி எல்லைக்கு வெளியே மலிவாக விடுதி பிடித்தால் கட்டணம் உண்டு.

ஆம்ஸ்டர்டாமில் 2024 ஜனவரி முதல் 7.5 டன்னுக்கு மேற்பட்ட பேருந்து நகர மையத்துக்குள் வர முடியாது. வெளியே இறக்கிவிட்டு டிராம் அல்லது நடை. வயதானவர்கள் உள்ள குழு என்றால் அந்த நாளில் இரண்டு இடத்துக்கு மேல் போடாதீர்கள். ரோமில் ஸ்பானியப் படிக்கட்டில் உட்காருவதற்கே 2019 முதல் அபராதம். வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலத்தை அங்கே பிரித்தால் கேட்கவே வேண்டாம்.

பாரிஸுக்கு என் யோசனை: போன் தே ஸாரைத் திட்டத்திலிருந்து எடுக்காதீர்கள். பூட்டு இல்லாமலும் அது நல்ல பாலம். காலை எட்டு மணிக்குள் அங்கே நடக்கவிட்டு, அப்படியே லூவ்ர் முற்றம் வழியாகக் கண்ணாடிப் பிரமிடுக்குக் கூட்டிப் போங்கள். அருங்காட்சியகம் 9 மணிக்குத் திறக்கும், செவ்வாய் விடுமுறை. நேரம் குறித்த டிக்கெட் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும், குழுவுக்குத் தனிப் பதிவு.

---

ஊர்சுற்றி77:

மெஸ்த்ரே விசயம் தெரியாது மேடம், நன்றி. அந்த 25 பேர் கணக்குல கைக்குழந்தையும் சேருமா?

---

மேகலை_வழித்துணை:

2 வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் குழுக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் தள்ளுவண்டி கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு, ஒரு நாளில் நாற்பது முறை தூக்கி இறக்க வேண்டியிருக்கும். முதுகில் கட்டும் பை போதும்.